ஏரியில் கண்ணுக்குப் பங்கு உண்டா?

அரபு மொழியில் 'அய்ன்' என்னும் சொல்லுக்குக் கண் என்பது பொருள். நீரூற்று என்பதும் பொருள். நம் தமிழ் மொழியோ நீர் சுரக்கும் இடத்தை 'ஊற்றுக்கண்' என்கிறது. மதகின் திறப்பும் கண்; பாலத்தின் வளைவும் கண். வில்லியனூருக்கு அப்பால் பத்துக்கண்ணு என்றே ஓர் ஊர் இருக்கிறது. கடல் கடந்து ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்த இரு மொழிகளும் நீருக்குக் கண் வைத்துப் பார்த்திருப்பது வியப்பன்றோ? முகத்தில் நீர் கசியும் இடம் கண்ணாக இருப்பதால், மண்ணில் நீர் கசியும் இடத்தையும் கண் என்றனர் போலும்.

ஆக, நீருக்குக் கண் உண்டு என்பதில் இரு மொழிகளுக்கும் ஐயமில்லை. நாம் இங்கு ஆராயப் புகுவது இதன் மறுதலையை: கண்ணுக்கு நீரில் பங்கு உண்டா? ஒரு நீர்நிலையில் குடிப்பவனுக்கு ஓர் உரிமை இருக்கிறது. பாய்ச்சுபவனுக்கு ஓர் உரிமை இருக்கிறது. வெறுமனே பார்த்துவிட்டுப் போகிறவனுக்கு என்ன உரிமை?

இவ்வினா சொல் விளையாட்டாக எழுந்ததன்று. புதுச்சேரி நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் ஊசுட்டேரி விரிந்து கிடக்கிறது. முல்லா வீதியிலும் காஜியார் வீதியிலும் சுல்தான்பேட்டையிலும் வாழும் நம் குடும்பங்களுள் பல, பெருநாள் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே சென்று வந்திருக்கும். மொத்தப் பரப்பு ஏறத்தாழ 800 எக்டேர். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது புதுச்சேரிக்கும், எஞ்சியது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்துக்கும் உரியது. செஞ்சி ஆறு எனப்படும் சங்கராபரணியின் வெள்ளம் சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இதில் வந்து சேர்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஏரி நிறையும். சித்திரை வைகாசியில் சுருங்கி, கரையோரம் வெடித்த சேறாகும். நிறைந்திருக்கும் காலத்தில் கரைமேல் நின்று பார்ப்பவர்க்கு எதிர்க்கரை பனைவரிசையாக மட்டுமே தெரியும்.

அப்போது பறவைகள் வந்திறங்குகின்றன. கூழைக்கடாக்கள் கூட்டமாய் மிதக்கும். நத்தைகுத்தி நாரைகள் சேற்றில் அலகு புதைத்து நிற்கும். நாமக்கோழிகள் கருமணிகளைக் கொட்டியதுபோல் நடுநீரில் பரந்திருக்கும். பாம்புத்தாரா கழுத்தை மட்டும் நீட்டி நீந்துவதைக் கண்டு பாம்பென்று அஞ்சும் பிள்ளைகளும் உண்டு. ஊசிவால் வாத்துகள் இமயத்துக்கும் வடக்கே உள்ள குளிர்நாடுகளை விட்டு ஆயிரக்கணக்கான கல் தொலைவு பறந்து, இந்தச் சிற்றூர்களின் நடுவே ஒரு பருவத்தைக் கழித்துவிட்டுத் திரும்புகின்றன. 2008ஆம் ஆண்டில் புதுச்சேரி அரசு தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது; பின்னர்த் தமிழக அரசும் தன் பகுதியை அவ்வாறே அறிவித்தது.

ஊசுட்டேரியை இயற்கையின் அழகு என்று கூறக் கேட்கிறோம். இதை அப்படியே ஏற்பதற்கில்லை. கரை மனிதன் போட்டது. மதகு மனிதன் வைத்தது. வாய்க்கால் மனிதன் வெட்டியது. ஆறு போகிற போக்கில் விட்டிருந்தால் அந்த வெள்ளம் ஒரே நாளில் கடலைச் சேர்ந்திருக்கும். அதை நிறுத்திச் சில மாதங்கள் வைத்துக்கொள்ளத் தெரிந்த உழவரின் தேவையே ஏரியாக உருவெடுத்தது. புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு உரைத்த அறிவுரையும் இதுவே: நிலம் குழிந்த இடங்களில் நீரைத் தடுத்து வைக்கும் வேந்தனுக்கே இம்மையும் மறுமையும் புகழும் உண்டென்பது அதன் கருத்து. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர், அரபு நாட்டைப் பாடப் புகுந்த இடத்திலும் வெள்ளத்தையும் வயலையும் வைக்காமல் விடவில்லை. நீரும் நிலமும் கூடாத நாட்டை நாடென்று கூற அவருடைய தமிழ் நெஞ்சம் ஒப்பவில்லை.

இனிச் சட்ட நூல்களைப் பார்ப்போம். நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்பது அபூதாவூதில் பதிவான நபிமொழியின் கருத்து. ஹனஃபி மத்ஹபின் 'ஹிதாயா' நீருக்குரிய உரிமைகளை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று 'ஷிர்பு', நிலத்துக்குப் பாய்ச்சும் முறைப்பங்கு. மற்றொன்று 'ஷஃபா'. இச்சொல்லுக்கு உதடு என்பது பொருள். உதட்டால் பருகும் எல்லா உயிர்க்கும் உள்ள உரிமை அது. வாய்க்கால் ஒருவனுக்குச் சொந்தமாயினும் தாகத்தோடு வருபவனை அவன் தடுக்க முடியாது. ஆடு மாடுகளையும் தடுக்க முடியாது. ஷாஃபிஈ மத்ஹபின் 'மின்ஹாஜ்' நூலில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இன்னும் நுட்பமாகப் பிரிக்கிறார்கள். தன் தேவைக்கு மிஞ்சிய கிணற்று நீரைப் பிறர் பயிருக்குக் கொடுப்பது கடமையன்று. பிறர் கால்நடைக்குக் கொடுப்பதோ கடமையாகும். உயிருக்கு முதலிடம், பயிருக்கு அடுத்த இடம்.

உதடு இருக்கிறது, வயல் இருக்கிறது; இப்பட்டியலில் கண் இல்லை. ஏன் இல்லை? கண் நீரை எடுப்பதில்லை. ஆயிரம் பேர் பார்த்தாலும் ஏரியில் ஒரு துளி குறைவதில்லை. குறையாத ஒன்றைப் பங்கிட வேண்டிய தேவை சட்டத்துக்கு எழவில்லை. வழக்கு இருக்கும் இடத்தில்தான் காஜியாருக்கு வேலை!

ஆனால் சட்ட நூல் மௌனமாயிருக்கும் இடத்தில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பேசுகிறார்கள். ஹிஜ்ரி 505இல் மறைந்த அப்பெருமகனார் 'இஹ்யா'வில் அன்பு என்னும் பகுதியில், மனிதன் ஒன்றை நேசிப்பதற்கான காரணங்களை வரிசையாக ஆராய்கிறார்கள். தன் நலத்துக்காக நேசிப்பது உண்டு. தனக்கு நன்மை செய்தவரை நேசிப்பது உண்டு. இவற்றுக்கு அப்பால், ஒன்றை அதன் பொருட்டே, அதன் அழகின் பொருட்டே நேசிப்பதும் உண்டு. இதற்கு அவர்கள் எடுத்துக்காட்டாகக் கூறுவது எதைத் தெரியுமா? பசுமையையும் ஓடும் நீரையும்! பசுமையை விரும்புகிறவன் அதைத் தின்பதற்காக விரும்பவில்லை. ஓடும் நீரை விரும்புகிறவன் அதைக் குடிப்பதற்காக விரும்பவில்லை. காண்பதே இன்பமாக இருக்கிறது என்பது அவர்கள் வாதம். உலகப் பற்றைச் சாடிய ஒரு துறவு நெஞ்சர் இதைக் குற்றமாகக் கூறாமல், இறையன்பை விளக்கும் படியாக வைத்திருப்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

திருமறையின் 'நஹ்ல்' அத்தியாயத் தொடக்கத்திலும் இந்த அமைப்பைக் காண்கிறோம். கால்நடைகளில் வெதுவெதுப்பும் உணவும் பிற பயன்களும் இருப்பதாகக் கூறிய இறைவன், அதனை அடுத்தே, மாலையில் அவற்றை ஓட்டி வருகையிலும் காலையில் மேய விடுகையிலும் உங்களுக்கு அதில் ஓர் அழகும் இருக்கிறது என்ற கருத்தை வைக்கிறான். தோலும் இறைச்சியும் கணக்கில் வந்த அதே அருட்கொடைப் பட்டியலில் அழகும் ஒரு தனி இனமாக எண்ணப்படுகிறது. மந்தை அழகாயிருப்பது கூலி வேலைக்காரனுக்கும் தெரியும். அவனும் மாலை வேளையில் சற்று நின்று பார்ப்பான். அழகு செல்வர்களின் சொத்து என்பவர்க்கு இதுவே போதிய மறுமொழி.

எனவே கண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு என்று முடித்துவிடலாமா? அவசரப்படலாகாது. கண் எதையும் எடுப்பதில்லை என்று முன்னர்க் கூறினோம். கண் எடுப்பதில்லை, கண்ணைச் சுமந்து வருகிற கால் எடுக்கிறது. காண்பதற்கென்று வருபவர்க்குச் சாலை வேண்டும், கடை வேண்டும், வண்டி நிறுத்தும் இடம் வேண்டும். கரையில் நின்று பார்த்தது போதாதென்று படகு வேண்டும். படகு சென்றால் நாமக்கோழிக் கூட்டம் எழுந்து பறக்கும். அந்தக் காட்சியைக் கண்டு கைதட்டுவோரும் உளர். தொலைதூரத்திலிருந்து களைத்து வந்து, திரும்பும் பயணத்துக்கு உடலில் கொழுப்பு சேர்த்துக்கொண்டிருக்கும் ஒரு பறவைக்கு, காரணமின்றி எழுந்து பறக்கும் ஒவ்வொரு முறையும் இழப்பே. போகும்போது விட்டுச் செல்லும் பிளாஸ்டிக் பைகளைப் பற்றி நாம் கூறவும் வேண்டுமோ?

இன்னொன்றும் இருக்கிறது, இதை அழகைப் போற்றுவோர் எளிதில் மறந்துவிடுகின்றனர். ஓர் ஏரி சரணாலயமானால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அங்கே வந்துவிடுகிறது. வலைக்கும் வேட்டைக்கும் கட்டுப்பாடு வருகிறது. பறவையைச் சுட்டுத் தின்பவனைத் தடுப்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் இடுப்பளவு நீரில் நின்று கெண்டையும் கெளுத்தியும் பிடித்து அன்றாட அரிசி வாங்கிய ஏழை ஒருவனிடம், 'உன் வலையை எடுத்துவிடு, இங்கே பார்க்க வருகிறார்கள்' என்று கூறும் தகுதி பார்ப்பவனுக்கு எங்கிருந்து வந்தது? ஆதாயம் எவனுக்கோ பாரமும் அவனுக்கே என்பது ஃபிக்ஹு நூலார் ஒப்பிய பொது விதி. அழகின் ஆதாயம் நகரத்தானுக்கும் அதன் பாரம் வலைஞனுக்கும் என்று பிரிவது அவ்விதிக்கு நேர் மாறானது. ஏரியின் அமைதியைக் காக்க வலைஞன் ஒதுங்க வேண்டுமென்றால், அவன் இழந்ததை ஈடு செய்யும் கடமை ஏரியைக் கண்டு மகிழ்பவர் மீதும், அவர்களால் வருவாய் பெறுவோர் மீதும் இருக்கிறது. இது தர்மமாகக் கொடுக்க வேண்டியதன்று. அவன் கடனாகக் கேட்டுப் பெறத்தக்கது.

பறவையின் நிலை வேறு. அதைப் பார்ப்பவரின் இன்பத்துக்காகக் காக்க வேண்டும் என்ற வாதத்தை நாம் ஏற்கவில்லை. அது ஏரியில் தன் உரிமையோடு வந்திறங்குகிறது. ஷஃபா என்னும் உதட்டுரிமை அலகுக்கும் உண்டு. ஸாலிஹ் நபி (அலை) அவர்களின் ஒட்டகை வரலாற்றைச் சிறு வயதில் கேட்காதவர் நம்மில் யார்? அங்கே பொருள் என்ன? நீரில் ஒட்டகைக்கு ஒரு நாள், ஸமூது மக்களுக்கு ஒரு நாள் என்று முறை வைக்கப்பட்டது. வாய் பேசாத ஒரு பிராணிக்கு ஊராருக்குச் சமமான முறைப்பங்கு! ஊராரால் அதைப் பொறுக்க முடியவில்லை. ஒட்டகையின் காலைத் தறித்தார்கள். அவர்கள் அழிவுக்குத் தொடக்கமாகத் திருமறை காட்டுவது இந்த நீர்ப்பங்கீட்டு வழக்கையே. ஊசிவால் வாத்துக்கும் இங்கே முறை உண்டு. மார்கழியும் தையும் அதன் முறை என்று கொள்வதில் நமக்கு என்ன குறைந்துவிடும்?

இனி, வழக்கில் எதிர்பாராத ஒரு திருப்பத்தைக் கூற வேண்டியிருக்கிறது. ஏரியின் முதல் உரிமையாளர் யார்? ஆயக்கட்டு உழவர். கோடையில் தூர் வாரியதும், மழைக்கு முன் கரை பார்த்ததும், இரவில் விழித்திருந்து மதகைக் காத்ததும் அவர்களே. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரிச் சிற்றூர்களில் ஏரி பேணுவதற்கென்றே பொதுப்பணம் வைத்து இயங்கிய பாசனச் சங்கங்கள் இருந்தன. பிறகு மின்மோட்டார் வந்தது. ஆழ்துளைக் கிணறு வந்தது. தன் வயலில் விசையை அழுத்தினால் நீர் பாய்கிறவனுக்கு, ஊர்கூடித் தூர் வார வேண்டிய தேவை என்ன? இன்று புதுச்சேரி வட்டாரத்துச் சாகுபடியில் பெரும்பகுதி நிலத்தடி நீரை நம்பியே நடக்கிறது. 1990களின் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இப்பகுதியின் 80க்கும் மேற்பட்ட ஏரிகளைப் புதுப்பிக்கவும், உழவர் சங்கங்களை மீண்டும் உண்டாக்கவும் ஒரு திட்டம் வந்தது. அதன் பின்னும், ஏரியை மறந்த பழக்கம் முற்றிலும் மாறிவிடவில்லை.

ஆழ்துளைக் கிணறு யாருடைய நீரை எடுக்கிறது? ஏரியில் நிற்கும் நீர் மண்ணில் இறங்கியே சுற்றுவட்டாரக் கிணறுகளைப் பேணுகிறது. ஏரியைப் புறக்கணித்தவனும் ஏரியையே குடிக்கிறான், தெரியாமல் குடிக்கிறான். கடலோரத்தில் அளவுக்கு மீறி நிலத்தடி நீரை இறைத்தால் உப்பு நீர் உள்ளே ஏறும். புதுச்சேரிக் கரையோரம் அது நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் நீர் பூமிக்குள் இறங்கிப் போய்விட்டால் ஓடும் நீரை உங்களுக்குக் கொண்டு வருபவர் யார் என்ற கருத்தில் 'முல்க்' அத்தியாயம் ஒரு வினாவோடு நிறைவடைகிறது. இரவுதோறும் அதை ஓதி உறங்குகிற வீடுகள் நம்மிடையே பல. ஓதுவதோடு, விடியற்காலையில் குழாயைத் திறந்து விட்டு மிஸ்வாக் செய்யும் பழக்கத்தையும் அவ்வீடுகள் சற்று எண்ணிப் பார்க்கலாம். ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஒளூவில் நீரை வீணாக்கலாகாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் ஸஃது (ரலி) அவர்களுக்கு உணர்த்தியதாக வரும் செய்தியில், நீர் குறைவாயிருப்பது காரணமாகச் சொல்லப்படவில்லை.

ஆக, உழைத்தவர் ஏரியை விட்டு நகர்ந்துவிட்டார். அந்த இடத்துக்கு வந்து நிற்பவர் யார்? பார்ப்பவர். ஆண்டுதோறும் பறவைகளை எண்ணுவதும், கரையோரம் கட்டடம் எழுந்தால் குரல் கொடுப்பதும், நீரில் கழிவு கலந்தால் முறையிடுவதும் இன்று பெரும்பாலும் அவர்களே. கண்ணுக்குப் பங்கில்லை என்று ஒதுக்கியிருந்தால் இன்று ஏரிக்கு வழக்காட ஆளிருந்திருக்குமோ என்பது ஐயமே.

மதரஸாவில் ஓதத் தொடங்கும் பிள்ளைக்கு ஃபிக்ஹில் முதற்பாடமே நீர்தான். இரு குல்லா அளவுள்ள நீர், அசுத்தம் விழுவதனால் மட்டும் அசுத்தமாகிவிடாது. நிறமோ சுவையோ மணமோ மாறினாலே அசுத்தமாகும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் விதி. பள்ளிவாசல் ஹவுளின் கரையில் உட்கார்ந்து நாம் எத்தனையோ மாணவர்க்கு இதைக் கற்பித்திருக்கிறோம். மூன்று அடையாளங்களில் நிறம் முதலில் நிற்கிறது. அதை அறியும் உறுப்பு கண். ஃபிக்ஹில் கண்ணுக்கும் நீருக்கும் உள்ள உறவு இன்பத்தில் தொடங்கவில்லை, சோதனையில் தொடங்குகிறது. உதடு தொடுவதற்கு முன் கண் சாட்சி கூற வேண்டும். கண்ணுக்கு ஏரியில் பங்கு உண்டென்று நாம் துணிவது இந்த வகையில்தான்: காவற்காரனுக்குரிய பங்கு அது. காவற்காரன் தோட்டத்தின் நிழலை அனுபவிக்கலாம். கனியைப் பறிப்பதும் கிளையை ஒடிப்பதும் அவன் வேலையல்ல. ஆலைக் கழிவுகளில் நிறமும் மணமும் இல்லாத நஞ்சு இருக்கக்கூடுமாதலால், இக்காலத்துக் காவற்காரனுக்குக் கண்ணோடு சோதனைச்சாலையும் வேண்டியிருக்கிறது.

இரு அரசுகளின் எல்லை ஏரியின் ஊடே செல்வதையும் முன்னர்க் குறித்தோம். இது புதிய கோடன்று. ஒரு கரை பிரெஞ்சுக்காரரிடமும் மறு கரை ஆங்கிலேயரிடமும் இருந்த காலத்துக் கோடு. 1947இல் ஒரு கொடி இறங்கியது, 1954இல் மற்றொன்று இறங்கியது, கோடு இறங்கவில்லை. ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்சாரி ஒருவருக்கும் ஹர்ராவின் வாய்க்கால் நீர் பற்றி எழுந்த வழக்கில், மேல்நிலத்துக்காரர் பாய்ச்சிக்கொண்டு அண்டை வீட்டாருக்கு விட்டுவிட வேண்டும் என்றே பெருமானார் (ஸல்) அவர்கள் முதலில் இணக்கமாகத் தீர்ப்பளித்தார்கள். அன்சாரி முணுமுணுத்த பிறகே, மேல்நிலத்துக்காரரின் முழு உரிமையும் அளந்து கொடுக்கப்பட்டது. இணக்கத்தில் கிடைத்தது மிகுதி. உரிமையை அளக்கச் சொன்னபோது கீழ்நிலத்துக்காரருக்கு எஞ்சியது குறைவு. இரு கரைத் துறையினரும் இவ்வழக்கை ஒருமுறை படித்தால் நன்று.

கண் செய்யும் தீர்ப்பை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்குப் புதுச்சேரியிலேயே ஒரு வாய்மொழிக் கதை வழங்குகிறது. விசயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் இவ்வழியே சென்றபோது, விளக்கொளியில் பொலிந்த ஒரு மாளிகையைக் கண்டு கோயிலென்றெண்ணிக் கைகூப்பினாராம். அது ஆயி என்னும் தாசியின் இல்லம் என்று அருகிலிருந்தோர் கூறவே, வெகுண்டு அதை இடிக்க ஆணையிட்டாராம். கண்ணை நம்பி வணங்கியவரும் அவரே. காதை நம்பி இடிக்கச் சொன்னவரும் அவரே. ஆயி வேறொன்றும் வேண்டாமல், தன் வீட்டைத் தானே இடித்து அவ்விடத்தில் ஊராருக்கு ஒரு குளம் வெட்ட அனுமதி கேட்டாளாம். தாகித்த நாய்க்குத் தன் காலணியால் நீர் மொண்டு கொடுத்த ஒரு விலைமகளுக்கு இறைவன் மன்னிப்பளித்தான் என்ற நபிமொழியை புகாரியிலும் முஸ்லிமிலும் ஓதியவர்களுக்கு, இந்தக் கதையைக் கேட்கையில் நெஞ்சு நெகிழாமலிராது.

பின்னாளில் மூன்றாம் நெப்போலியன் காலத்தில், முத்திரையர்பாளையத்து நீர் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் வரலாற்றை விசாரித்து ஆயியின் கதை அறியப்பட, அவள் நினைவாக ஒரு வெண்ணிற மண்டபம் எழுப்பப்பட்டது. பாரதி பூங்காவின் நடுவே அது இன்றும் நிற்கிறது. புதுச்சேரி அரசின் இலச்சினையிலும் அதுவே இருக்கிறது. நாள்தோறும் நூற்றுக்கணக்கானோர் அதன்முன் நின்று படமெடுத்துக்கொள்கின்றனர். முத்திரையர்பாளையத்துக்கு வழி கேட்பவர் அவர்களுள் மிகச் சிலரே.